வெள்ளைச் சீட்டும் ரோஜா நிறச் சீட்டும்

"டீச்சரம்மா, இதுல எது டில்லிக்கு, எது நம்ம ஊருக்கு?"

2004 ஏப்ரல். பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் மை வைக்கும் மேசை எனக்கு. அந்தத் தடவை கர்நாடகத்தில் மக்களவைக்கும் சட்டசபைக்கும் ஒரே நாளில் ஓட்டு. இரண்டு மறைப்பு, இரண்டு இயந்திரம். மக்களவை இயந்திரத்தில் வெள்ளைத்தாள், சட்டசபை இயந்திரத்தில் ரோஜா நிறத்தாள். நான் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி என் மேசைக்கு மேல் குனிந்து அப்படிக் கேட்டார். எழுபது வயதிருக்கும்.

"வெள்ளை டில்லிக்கு, ரோஸ் நம்ம ஊருக்கு" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் பேச எனக்கு அனுமதியில்லை.

வெள்ளைக்குப் போனவர் வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பீப் சத்தம் கேட்டதும் ரோஜா நிறத்துக்குப் போனார், போன வேகத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தார். போகும்போது என் பக்கம் திரும்பி, "ரெண்டும் ஒண்ணு இல்ல, அதான் யோசிச்சேன்" என்றார். யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது வருடமாகியும் அந்தப் பாட்டி மனசை விட்டுப் போகவில்லை.

மாநிலத் தேர்தலில் ஒரு கட்சிக்குப் போட்ட ஓட்டு, அடுத்து டில்லிக்குப் போடும் ஓட்டை மாற்றுமா? தேர்தல் வந்தால் தொலைக்காட்சியில் எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் 'மாநிலத் தேர்தல் டில்லிக்கு அரையிறுதி' என்கிறார், இன்னொருவர் 'மக்கள் தெளிவாகப் பிரித்துப் போடுகிறார்கள்' என்கிறார். நான் பிறந்தது, வளர்ந்தது, இப்போதும் இருப்பது எல்லாம் பெங்களூர் ஸ்ரீராமபுரம். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியை வேலை, அதோடு சேர்ந்து தேர்தல் வேலை. 2023-ல் ஓய்வு பெற்றேன். எங்கள் தெருவில் நான் பார்த்தது இந்த இரண்டு பேச்சுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் ஓட்டு 1984 டிசம்பரில். அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. எனக்கு அந்த வருடம்தான் ஆகியிருந்தது. இந்திரா காந்தி இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தார், எம்.ஜி.ஆர். பக்தர். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார், அவர் கட்சியும் காங்கிரசும் ஒரே அணி. அப்பாவுக்கு வேறு காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் கைக்குப் போட்டோம். கர்நாடகத்தில் 28-ல் 24 காங்கிரசுக்குப் போனது. ஜனதாவுக்கு 4.

அப்போது இங்கே முதலமைச்சர் ஜனதாவின் ராமகிருஷ்ண ஹெக்டே. இப்படித் தோற்றபின் பதவியில் இருப்பது முறையில்லை என்று ராஜினாமா செய்து, சட்டசபையைக் கலைக்கச் சொல்லி மறுபடி மக்களிடம் வந்தார். 1985 மார்ச்சில் தேர்தல். மூன்றே மாத இடைவெளி. அதே அப்பா, அதே அம்மா, அதே நான், இந்தத் தடவை மூன்று பேரும் ஜனதாவுக்குப் போட்டோம். ஜனதாவுக்கு 224-ல் 139 இடம்.

நான் அப்பாவிடம் கேட்டேன், "டிசம்பர்ல கை, மார்ச்ல இது. என்னப்பா கணக்கு?" அவர் சொன்னார், "அது துக்கத்துக்குப் போட்டதும்மா. இது வீட்டுக்குப் போட்டது."

அப்பா அதிகம் படிக்காதவர். ஆனால் இந்த விஷயத்தில் பின்னாளில் நான் படித்த கட்டுரைகள் எதுவும் அவரைத் தாண்டிப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் மாநிலத்துக்கு ஒரு கணக்கு, டில்லிக்கு ஒரு கணக்கு, இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதற்கும் சாட்சி என் அப்பாதான்.

1991-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு கொடுத்தது. அதைச் செல்லாததாக்க இங்கிருந்த பங்காரப்பா அரசு அவசரச் சட்டம் போட்டது, உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் உத்தரவு மத்திய அரசிதழில் வந்ததும் இங்கே தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். அந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அடுத்த தெருவில் புகை தெரிந்ததும், வாசலில் இருந்த தமிழ்க் காலண்டரை அம்மா கழற்றி அரிசி டின்னுக்குள் வைத்ததும், எங்கள் எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் இரண்டு ராத்திரி எங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டதும் மட்டும் போதும். அந்த வீட்டு அஜ்ஜி போட்ட முத்தெ (கேழ்வரகுக் களி) உருண்டையை நான் மறக்கவே மாட்டேன்.

மாநிலத்திலும் காங்கிரஸ், டில்லியிலும் காங்கிரஸ். யார் செய்தது, யார் செய்யத் தவறியது என்றெல்லாம் அப்பா பிரித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை காங்கிரசுக்கு ஓட்டுப் போடவில்லை, மாநிலத்துக்கும் சரி, டில்லிக்கும் சரி. 1994 சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் 34 இடத்துக்கு இறங்கி மூன்றாவது இடத்துக்குப் போனது. எங்கள் காந்திநகர் தொகுதியில் அந்த 90-களில் அ.தி.மு.க. வேட்பாளரே ஜெயித்தார் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. பயந்துபோன ஜனங்கள் தங்கள் சொந்தச் சின்னத்தைத் தேடிப் போனார்கள் என்பது என் கணிப்பு.

அதாவது, சாதாரணமாக அப்பா பிரித்துப் போடுவார். ஆனால் வாசலுக்கு வந்து சுட்டது என்றால், அந்தத் தழும்பு இரண்டு ஓட்டிலும் தெரியும். மாநில ஆட்சி டில்லிக் கட்சியின் பெயரைக் கெடுக்கிறதோ காப்பாற்றுகிறதோ, அது ஒரு தேர்தலோடு முடிவதில்லை. வருடக்கணக்கில் ஊறுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் பா.ஜ.க.வின் எடியூரப்பா முதலமைச்சராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்தார். சித்தப்பா அல்சூரில்தான் குடியிருந்தார். தினமும் காலையில் நடக்கப் போகும்போது அந்தச் சாக்கு மூட்டையைப் பார்த்துப் பார்த்து வெந்தவர். திறப்பு விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "எவன் தொறந்தானோ அவனுக்குத்தான்" என்றார். 2014-ல் டில்லிக்கு அவர் பா.ஜ.க.வுக்குப் போட்டதற்கு மோடி ஒரு காரணம் என்றால், அந்தச் சிலை இன்னொரு காரணம். மாநில அரசு செய்த காரியம், பலன் டில்லிக் கணக்கில் ஏறியது, அதுவும் ஐந்து வருடம் கழித்து.

இனி எண்களுக்கு வருகிறேன். எனக்கு எண்கள் பிடிக்கும், ஆனால் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

எங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்திநகர் சட்டசபைத் தொகுதியில் 1999-லிருந்து தொடர்ந்து ஆறு தடவை காங்கிரசின் தினேஷ் குண்டுராவ் ஜெயித்திருக்கிறார். 2023-ல் வெறும் 105 ஓட்டு வித்தியாசம். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் கொஞ்சம் சோம்பல்பட்டிருந்தாலே போயிருக்கும். அதே காந்திநகர் அடங்கிய பெங்களூர் மத்திய மக்களவைத் தொகுதியில் 2009-லிருந்து நான்கு தடவையும் பா.ஜ.க.வின் பி.சி. மோகன். மத்திய தொகுதியில் காந்திநகரோடு சேர்த்து எட்டு சட்டசபைத் தொகுதி இருக்கிறது, மகாதேவபுரா போன்ற பெரிய தொகுதி கொடுக்கும் முன்னிலை மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். அங்குள்ள வாக்காளர் பட்டியலைப் பற்றி 2025-ல் ராகுல் காந்தி எழுப்பிய குற்றச்சாட்டும் தேர்தல் ஆணையத்தின் மறுப்பும் தனிக்கதை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் 'எம்.எல்.ஏ. காங்கிரஸ், எம்.பி. பா.ஜ.க., ஜனங்கள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்' என்று இதை வைத்து மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

மாநிலம் முழுக்கவே அப்படித்தான். 2023 மேயில் காங்கிரஸ் 135 இடம் பிடித்தது. ஒரு வருடம் கழித்து மக்களவையில் 28-ல் 9 மட்டுமே. உடனே எல்லோரும் சொன்னார்கள், "காங்கிரஸ் கொடுத்த இலவசத்தை வாங்கிக்கொண்டு டில்லிக்கு மோடிக்குப் போட்டுவிட்டார்கள்" என்று. எனக்கு அந்தப் பேச்சு சுருக்கென்றது. எங்கள் தெருப் பெண்களைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது.

ஓட்டு சதவீதத்தைப் பாருங்கள். 2023 சட்டசபையில் காங்கிரசுக்குச் சுமார் 43. 2024 மக்களவையில் 45-க்கு மேல். குறையவில்லை, கூடியிருக்கிறது! 2019-ல் அதே கட்சிக்கு மக்களவையில் 32 சதவீதமும் ஒரே ஒரு இடமும்தான். மாறியது என்ன? 2023-ல் தனித்தனியாக நின்ற பா.ஜ.க.வும் தேவகௌடாவின் ஜே.டி.எஸ்.சும் 2024-ல் சேர்ந்து நின்றன. சேர்ந்ததும் பா.ஜ.க. 17, ஜே.டி.எஸ். 2. பத்து வருடம் முன்பும் இதே கதை. 2013-ல் எடியூரப்பா தனிக்கட்சி வைத்துப் பிரிந்து நின்றதால் காங்கிரஸ் 122 இடத்தோடு ஆட்சிக்கு வந்தது. அவர் பா.ஜ.க.வுக்குத் திரும்பிப் போனதும், 2014-ல் காங்கிரசின் ஓட்டு 36-லிருந்து 41 சதவீதத்துக்கு ஏறியும் இடம் 9-தான், பா.ஜ.க.வுக்கு 17.

ஆக, மாநிலத்தில் ஜெயித்த கட்சியின் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கிறார்கள். டில்லித் தேர்தலில் எதிர்ப்பக்கம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. வாக்காளரைத் 'துரோகி' என்று திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

உடனே வந்த தேர்தலில் மாநிலக் காற்று இடத்திலும் தெரிந்த காலமும் உண்டு. 1994-ல் ஜனதா தளம் 115 இடத்தோடு வந்தது, தேவகௌடா முதலமைச்சர். 1996 மக்களவையில் அதே கட்சிக்கு 28-ல் 16. அவர் பிரதமராவார் என்று ஓட்டுப் போட்ட நாளில் ஒருவருக்கும் தெரியாது, ஜூன் 1-ஆம் தேதி பதவியேற்றே விட்டார். 2008-ல் பா.ஜ.க. இங்கே முதல் தடவை தன் பெயரில் ஆட்சி அமைத்தது, அடுத்த வருடமே மக்களவையில் 19. கல்யாணம் ஆன புதுசு மாதிரி, ஒரு வருடம் எல்லாம் இனிப்பாக இருக்கும். ஆனால் டில்லியில் பெரிய ஆள் ஒருவர் எதிரே நின்றுவிட்டால் இந்த இனிப்பு போதாது. 2014-ம் 2024-ம் அதைத்தான் காட்டுகின்றன.

சரி, எங்கள் தெருவுக்கே வருகிறேன்.

என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், என்னிடம் படித்தவள். பீன்யா பக்கம் கார்மென்ட்சில் தையல். என்னை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். 2023 ஜூன் 11-ஆம் தேதி பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. அன்று சாயந்திரம் அவள் கையில் பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்த டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள், அதைப் பத்திரமாகப் பர்சில் மடித்து வைத்திருந்தாள். முன்பெல்லாம் மாசக் கடைசியில் பஸ் காசு மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவாளாம். எனக்குச் சொன்னதே இல்லை. ஆகஸ்டிலிருந்து குடும்பத் தலைவிக்கு மாசாமாசம் கிருகலட்சுமி இரண்டாயிரம். முதல் மாசம் வந்ததும் அம்மாவுக்குக் கண் பரிசோதனை செய்தாள்.

அவள் சமையல் கட்டில் இருக்கும் கியாஸ் இணைப்பு டில்லித் திட்டத்தில் வந்தது. அதையும் அவள் மறக்கவில்லை. "டீச்சர், பஸ் இங்க குடுத்தது, கியாஸ் அங்க குடுத்தது" என்று தெளிவாகச் சொல்வாள்.

அவளுக்குக் குழப்பம் வந்தது அரிசியில்தான். மாநில அரசு ஒரு ஆளுக்குப் பத்துக் கிலோ தருவதாகச் சொல்லியிருந்தது. கூடுதல் அரிசியை மத்தியத் தொகுப்பிலிருந்து கொடுக்க டில்லி மறுத்தது. அதனால் ஐந்து கிலோ அரிசியும், மீதி ஐந்து கிலோவுக்குக் கிலோ 34 ரூபாய் வீதம் 170 ரூபாயும் கணக்கில் போட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒரே சண்டை. "அரிசி மோடி குடுக்கறது, காசுதான் இவங்க" என்று ஒருவர். "கொடுக்கவிடாம தடுத்ததே அவங்கதான்" என்று இன்னொருவர். நானும் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாநிலத்துக்கு ஒரு கட்சியும் டில்லிக்கு இன்னொரு கட்சியும் ஏன் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ரேஷன் கடையில் ஒரு காலை நின்றால் போதும்.

மாநகராட்சி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு கட்சியின் பேரில் பாசம் உண்டாவதே பெரும்பாலும் வார்டு கவுன்சிலர் வழியாகத்தான். சாக்கடை அடைத்தால் யார் வருகிறார், விதவைப் பென்ஷன் பாரம் யார் நிரப்பித் தருகிறார், ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்கிறார் என்பதில்தான் அது ஆரம்பம். அந்த ஆளின் கட்சிக்கு முதலில் சட்டசபைக்குப் போடுவார்கள், அப்புறம் டில்லிக்கும். பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதன் பின் வருடக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டார்கள், இருவரும் நடத்தவில்லை. எங்கள் தெருவுக்கு இது பெரிய இழப்பு என்று எனக்குக் கோபம் உண்டு.

ஊர்ப்பக்கமும் இதே பாடம்தான். எங்கள் பூர்வீகம் அரூர். அக்கா அங்கேதான் இருக்கிறாள். 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி அவளுக்கு ஒரே நாளில் இரண்டு ஓட்டு, தர்மபுரி மக்களவைக்கு ஒன்று, அரூர் இடைத்தேர்தலுக்கு ஒன்று. தர்மபுரியில் தி.மு.க.வின் செந்தில்குமார், அ.தி.மு.க. அணியில் நின்ற பா.ம.க.வின் அன்புமணியைத் தோற்கடித்தார். அதே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டு இடைத்தேர்தலிலும் அ.தி.மு.க. ஜெயித்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் 22 இடைத்தேர்தல். அதில் 9 அ.தி.மு.க. பிடித்ததால் எடப்பாடி ஆட்சி நிலைத்தது. மக்களவையில் அதே கட்சிக்கு ஒரே ஒரு இடம். அக்காவிடம் கேட்டேன். "ஆட்சி கலைஞ்சா மறுபடி எலக்‌ஷன் வரும், யாரு அலையறது? டில்லிக்கு வேற" என்றாள். அப்பாவின் மகள்.

இப்போது எல்லாத் தேர்தலையும் ஒன்றாக நடத்த 2024 டிசம்பரில் மக்களவையில் அரசியல் சட்டத் திருத்த மசோதா வைத்திருக்கிறார்கள். செலவு குறையும் என்கிறார்கள். தேர்தல் வேலை பார்த்த எனக்கு அந்தச் சிரமம் தெரியும், விடிகாலையில் பெட்டியோடு வண்டிக்குக் காத்து நின்றவள் நான். ஆனாலும் எனக்கு இதில் சம்மதமில்லை. ஒரே நாளில் ஓட்டு வைத்தால் ஜனங்கள் குழம்புவார்கள் என்பதல்ல என் பயம். 2004-ல் பா.ஜ.க.வுக்குக் கர்நாடகச் சட்டசபையில் 28 சதவீதம், அதே நாளில் மக்களவைக்கு 34-க்கு மேல். அதில் ஒரு பகுதி கூட்டணிக்கு விட்டுக்கொடுத்த தொகுதிகளால் வந்தது, மீதி அந்தப் பாட்டி மாதிரி யோசித்து நின்றவர்களால் வந்தது.

என் பயம் வேறு. 1999-லும் இங்கே இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது. பெல்லாரியில் சோனியா காந்தியும் சுஷ்மா சுவராஜும் மோதினார்கள். எங்கள் தெருவில் அந்த ஒரு மாதமும் டீக்கடையில், குழாயடியில், பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் ஒரே பெல்லாரிப் பேச்சு. அந்த வருடம் மழையில் எங்கள் சாக்கடை மூன்று தடவை வீட்டுக்குள் வந்தது. அதைப் பற்றி ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஹெக்டேக்குக் கிடைத்த அந்த மூன்று மாதம் மாதிரி, துக்கத்தையும் வீட்டையும் தனித்தனியாக யோசிக்க ஜனங்களுக்கு ஓர் இடைவெளி வேண்டும்.

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. நானும் அந்தத் தையல்காரப் பெண்ணும் காலை ஏழரைக்கே சேர்ந்து நடந்தோம். இந்தத் தடவை எனக்கு வேலை இல்லை, வெறும் வாக்காளர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், போட்டு முடித்துத் திரும்பும்போது பேசவே இல்லை. தெருமுனை வந்ததும் நின்றாள்.

"டீச்சர், இது டில்லிக்குத்தானே? நான் எதுக்குப் போட்டிருந்தாலும், பஸ்ஸை நிறுத்த மாட்டாங்கல்ல?"

"இது டில்லிக்குத்தான். பஸ் ஓடும்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லி, மை வைத்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.